புரைக்கேறினால் யார் நினைக்கிறார்கள்?

உண்ணும்போது ஒருவருக்குப் புரைக்கேறினால், அருகிலிருப்பவர் அவருடைய உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "ஆரோ உங்களை நினைக்கினம்" என்று கூறுவது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அன்பு மிகுந்த வழக்கம்தான். எங்கோ தூரத்தேயிருக்கும் ஒருவர் நம்மை நினைக்கிறார் என்ற எண்ணத்தினால் ஒரு சிறு துன்பம் இன்பமாகவே மாறிவிடுகிறது. இளையோர் மட்டில் இதனால் கேடொன்றுமில்லை. அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டே கதைத்தால் எவருக்கும் புரைக்கேறும். நான்கு முறை இருமினால் தீர்ந்துவிடும். ஆனால் எழுபது, எண்பது வயதைக் கடந்த ஒருவருக்கு வாரத்தில் மூன்று நான்கு தடவை புரைக்கேறும்போதும் நாம் இதனையே சொல்லித் தலையில் தட்டிக்கொண்டிருப்போமாயின், அந்த அன்பு மொழியே ஒரு நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அந்தத் திரையைச் சற்று விலக்கிப் பார்க்கவே இங்கு எண்ணுகிறோம்.

விழுங்குதலைப் போல நாம் நன்றியின்றி அனுபவிக்கும் வசதி வேறொன்று உண்டோ தெரியாது. உமிழ்நீரையும் உணவையும் சேர்த்து நாளொன்றுக்குப் பல நூறு தடவைகள் விழுங்குகிறோம். அவற்றுட் பெரும்பாலானவற்றை உணர்வதேயில்லை. ஆனால் உள்ளே நடப்பது சாதாரண வேலையன்று. மூச்சுப் போகும் வழியும் உணவு போகும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. முன்னால் இருப்பது சுவாசப்பைக்குச் செல்லும் வாதனாளி; பின்னால் இருப்பது இரைப்பைக்குச் செல்லும் களம். ஆகவே நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும், குடிக்கும் ஒவ்வொரு மிடறும் வாதனாளியின் வாயைக் கடந்தே போகவேண்டியிருக்கிறது. இந்த விசித்திரமான அமைப்பைக் குறித்து டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலிலேயே வியந்து எழுதியிருக்கிறார்.

மாணவ மாணவியர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். கழுத்தின் முன்புறத்தில் புடைத்திருக்கும் குரல்வளையின் மேல் இரு விரல்களை இலேசாக வைத்துக்கொண்டு உமிழ்நீரை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி, முன்னோக்கி நகர்ந்து, மீண்டும் இறங்கும். அந்தக் கணத்தில் மூச்சு நின்றுவிடுகிறது; குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன; அவற்றின் மேல் ஒரு சிறு மூடியும் கவிந்துகொள்கிறது; களத்தின் வாய் திறக்கிறது. 25க்கு மேற்பட்ட தசைகள் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் இதனை ஒழுங்கு பிசகாமற் செய்து முடிக்கின்றன. மூடி கவிவதற்கு அரை வினாடி பிந்தினாற்போதும், வெறுந்தேநீர் வாதனாளிக்குள் இறங்கிவிடும். அதைத்தான் நாம் புரைக்கேறுதல் என்கிறோம்.

வயது முதிரும்போது இந்த வேலை சற்று மந்தமடைவது இயல்பே. நாவின் தசைகள் மெலிகின்றன, உமிழ்நீர் குறைகிறது, இரத்த அழுத்தத்துக்கும் நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் குளிசைகளிற் சில வாயை மேலும் வறளச் செய்கின்றன. ஆயினும் மந்தம் வேறு, கோளாறு வேறு. நலமாயிருக்கும் முதியவர் மெதுவாகச் சாப்பிடுவார்; ஆனால் அடிக்கடி புரைக்கேறி அவதிப்படமாட்டார். அவ்வாறு அவதிப்படுபவரிடத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அறிகுறி பெரிதாகத் தெரியாமல் வந்துபோன பாரிசவாதமாக இருக்கலாம், நடுக்குவாதமாக இருக்கலாம், மறதி நோயாக இருக்கலாம், தொண்டையிலோ களத்திலோ வளரும் கட்டியாகவும் இருக்கலாம். "வயசு போனால் அப்பிடித்தான்" என்ற வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை நோய்களுக்குப் போர்வையாகப் பயன்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அச்சமாக இருக்கிறது.

எமது வீட்டில் எம் தாயாரின் தமக்கையார் இருக்கிறார். எமக்குப் பெரியம்மா, எம் பிள்ளைகளுக்கு ஆச்சி. வயது 81. நாற்பது ஆண்டுகள் பாடசாலையிற் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இன்றும் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து இறுதிப்பக்கம் வரை வாசிப்பவர். அவருடைய ஒரே மகன் ரொறன்ரோ நகரில் இருக்கிறார். பெரியம்மாவுக்குப் புரைக்கேறும்போதெல்லாம் கண்ணில் நீர் வழிய இருமிவிட்டு, முகம் மலர்ந்து, "தம்பி நினைக்கிறான்" என்பார். எமக்கும் அது கேட்க இனிமையாகவே இருந்தது. முதலில் வேறு விதமாகக் கேட்டவள் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் எம் இளைய மகள்தான். பாடசாலை விட்டு வந்து பிந்திச் சாப்பிடுவதால், பெரியம்மாவுடன் கூடவே இருந்து உண்பவள் அவள் ஒருத்தியே. ஒருநாள் இரவு எம்மிடம் வந்து, "அம்மா, ஆச்சி ஒரு வாய்ச் சோத்தை மூண்டு தரம் விழுங்கிறா. முந்தி அப்பிடியில்லை" என்றாள்.

அதன் பின்பு ஒரு வாரம் நாமும் கூட இருந்து கவனித்தோம். கவனிக்கத் தொடங்கியதும், கடந்த ஓராண்டாக வீட்டில் நிகழ்ந்த பல சிறு மாற்றங்கள் ஒரே கயிற்றிற் கோத்தவைபோல வரிசையாக வந்து நின்றன. முதலில் முறுக்கு நின்றது, பல்லில்லை என்றார். பின்பு பாணின் ஓரத்தைப் பிய்த்து வைக்கத் தொடங்கினார். அப்பால் புட்டு வேண்டாம், இடியப்பமே போதும் என்றார். அதற்கும் சொதி நிறைய வேண்டும். காலையிற் போடும் பெரிய குளிசை சில நாட்களில் சட்டைப்பையிலேயே இருந்தது. தண்ணீர் குடிப்பது குறைந்தது. கேட்டால், இரவில் எழும்ப வேண்டியிருக்கிறதென்று நியாயம் சொன்னார். உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர், பந்தியில் இருக்க மறுத்து, "நான் வீட்டிலை போய்ச் சாப்பிடுறன்" என்று எழுந்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நம்பத் தகுந்ததாகவே இருந்தது.

எம் கருத்தில் முக்கியமானது இதுவே. விழுங்குதற் கோளாற்றின் முதல் அடையாளம் இருமலன்று. இருமல் வருவதற்குப் பல மாதங்கள் முன்பாகவே அந்த முதியவர் தமக்குக் கடினமானவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிடுகிறார். திட்டமிட்டு மறைப்பதில்லை, ஆனால் சபையில் இருமித் துப்ப நேர்ந்துவிடுமோ என்ற கூச்சம் பெரியது. வாழ்நாள் முழுதும் பிறருக்குப் பரிமாறிய கை, தன் கோப்பையில் எது குறைகிறது என்பதைப் பிறர் அறியாமற் பார்த்துக்கொள்ளும் வித்தையையும் கற்றிருக்கிறது. ஆகையால் "ஆச்சிக்குப் புரைக்கேறுகிறதா?" என்று கேட்பதைவிட, "ஆச்சி போன வருடம் விரும்பிச் சாப்பிட்டு, இந்த வருடம் தொடாமல் விட்டது எது?" என்று கேட்பதே மேல்.

இதற்கு விடை சொல்லக்கூடியவர் வைத்தியரல்லர். அவர் முதியவரை ஐந்து நிமிடம் காண்கிறார். அதுவும் உணவில்லாத ஒரு மேசையின் முன்னால். கூட இருந்து உண்பவரே சொல்லவேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? முதியோருக்கு முந்திப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். மரியாதையான வழக்கந்தான். அவர் அறையில் தனியே உண்கிறார். கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தால் சாப்பிட்டுவிட்டார் என்கிறோம். அது முற்றத்துக் கோழிக்கும் பூனைக்கும் போயிருக்கலாம்! வாரத்தில் இரு நாட்களாவது அவருடன் ஒன்றாக இருந்து சாப்பிடுவதினும் சிறந்த பரிசோதனைக் கருவியை எந்த வைத்தியசாலையும் தரமுடியாது.

அப்படி இருக்கும்போது எதனைப் பார்க்கவேண்டும்? கவளத்தை வாயில் நெடுநேரம் வைத்திருக்கிறாரா. ஒன்றை விழுங்கப் பலமுறை முயல்கிறாரா. உண்டபின் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா. சாப்பாடு முடிய அரைமணி நேரத்துக்கு மேலாகிறதா. உண்ணும்போது அடிக்கடி தொண்டையைச் செருமுகிறாரா, மூக்கும் கண்ணும் நீராய் ஓடுகின்றனவா. காலையில் தலையணை எச்சிலால் நனைந்திருக்கிறதா. சட்டை தளர்ந்து, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்பதையும் கண் பார்க்கட்டும். இவற்றுள் ஒன்று மட்டும் ஒருநாள் தென்பட்டாற் கலங்கவேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் செல்லவேண்டும். வேறொரு குறியையும் இங்கே தனித்துச் சொல்லவேண்டும். நீராகாரம் இலகுவாக இறங்க, கட்டியான உணவு மட்டும் நெஞ்சில் நிற்பதாகச் சொன்னாலோ, அது நாளுக்கு நாள் மோசமானாலோ, ஒரு வாரமும் தாமதிக்கலாகாது. அது களத்திலுள்ள தடையின் அறிகுறியாக இருக்கலாம்.

இருமலைப் பற்றி நாம் இவ்வளவு இலேசாகப் பேசுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சிலருக்கு இருமலே வருவதில்லை. தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிட்டால் நீரும் உணவுத் துணுக்கும் ஓசைப்படாமல் வாதனாளிக்குள் இறங்கிச் சுவாசப்பையை அடைகின்றன. வெளியே தெரிவதெல்லாம், குடித்தபின் குரல் மாறுவதுதான். தொண்டைக்குள் நீர் தளும்பும்போது பேசுவதுபோன்ற ஓர் ஈரக்குரல். பின்பு காரணம் தெரியாத காய்ச்சல்; நெஞ்சுச் சளி; சில மாதங்களில் மீண்டும் அதுவே. முதியவர் ஒருவருக்கு நியூமோனியா ஓராண்டில் இருமுறை வந்தால், பனியையும் மழையையும் குற்றஞ்சாட்டுவதோடு நின்றுவிடாமல் அவருடைய தேநீர்க் கோப்பையையும் சற்றுச் சந்தேகிக்கவேண்டும்.

குரலைக் கேட்க அருகில் இருக்கவேண்டுமென்பதில்லை. இன்று எம்மவர் பிள்ளைகளிற் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர்; கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். பெரியம்மாவின் மகனுக்கு இச்செய்தியை அறிவித்தபோது, தாம் இங்கிருந்து என்ன செய்யமுடியும் என்று கலங்கினார். மாலைத் தேநீர் வேளையில் அழைக்கும்படி கூறினோம். இப்போது அவர் அங்கே விடியற்காலையில் எழுந்து அழைக்கிறார். "அம்மா, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு இன்னொருக்காக் கதையுங்கோ" என்கிறார். குரலில் ஈரம் கேட்டால் எமக்குச் சொல்கிறார்.

உணவைக் குறித்து நம்மிடையே ஒரு பிழையான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கட்டியான உணவு கடினம், நீரானது இலகு என்பது அது. விழுங்குதல் மந்தமானவருக்குப் பெரும்பாலும் தண்ணீரே எல்லாவற்றிலும் கடினம். அது விரைந்து ஓடும். மூடி கவியுமுன் போய்விடும். கஞ்சி நோயாளிக்கு உகந்ததென்பது நம் பாட்டிமார் கொள்கை. ஆனால் மேலே தெளிநீரும் அடியிற் சோற்றுப் பருக்கையுமாக இருக்கும் கஞ்சியில் வாய் இரண்டு வேலைகளை ஒருங்கே செய்யவேண்டியிருக்கிறது. நீர் முந்தி ஓட, பருக்கை பின்தங்குகிறது. இரசம் விட்ட சோறும், மீனும் கிழங்கும் மிதக்கும் ஒடியற்கூழும் இவ்வகையினவே. புட்டு உதிர்ந்து தொண்டையிற் சிதறும். கொழுக்கட்டை ஒட்டும். ஜப்பானில் மோச்சி என்னும் அரிசிப் பண்டம் புத்தாண்டுக் காலத்தில் முதியோரின் தொண்டையில் ஒட்டி உயிரையே வாங்குவதுண்டு. தோக்கியோ நகரத் தீயணைப்புப் படையினர் ஆண்டுதோறும் அதைப்பற்றி எச்சரிக்கிறார்கள். சிறு துண்டுகளாக வெட்டி உண்ணச் சொல்கிறார்கள். நம் கொழுக்கட்டைக்கும் அது பொருந்தும். நன்கு மசித்த சோறும் பருப்பும், குழைய அவித்த பூசணி, கட்டியின்றிக் காய்ச்சிய குரக்கன் கூழ், யோகட் ஆகியவை பலருக்கு எளிதில் இறங்கும். ஆனால் எல்லா முதியோருக்கும் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுப்பதும் தவறு. இயன்றவருக்கு மெல்லும் இன்பத்தைப் பறிப்பது கொடுமை; பசியும் குன்றிவிடும்.

குடிக்கும் முறைக்கும் வருவோம். செம்பை வாயிற் படாமல் உயர்த்தி, அண்ணாந்து நீரை ஊற்றிக் குடிப்பது நம் பண்பாடு. சுத்தமான பழக்கம். ஆனால் தலையைப் பின்னே சாய்க்கும்போது வாதனாளியின் வாய் விரிந்து, நீர் தடையின்றி விழ வழியாகிறது. விழுங்குதலில் இடரிருப்பவருக்கு இதைவிட ஆபத்தான முறை இல்லை. பெரியம்மாவுக்கென்று அகன்ற வாயுள்ள ஒரு கோப்பையைத் தனியே வைத்தோம். எச்சிற்படக் குடிப்பதா என்று முதலில் முகஞ்சுளித்தார். கோப்பை தமக்கே உரியதென்று உறுதியானபின் இசைந்தார்.

வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது, அவர் விட்டொழித்த உணவுகளையும், எந்நேரத்தில், எதனைக் குடிக்கும்போது புரைக்கேறியது என்பதையும் எம் மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வைத்தியர் அதனை இருமுறை வாசித்துவிட்டு, பெரியம்மாவை எழுந்து நடக்கச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னார். ஆசிரியையின் முத்து முத்தான எழுத்து எறும்பளவாகச் சுருங்கியிருந்தது. நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்பது பின்பு உறுதியாயிற்று. கை நடுங்கத் தொடங்கவேயில்லை. தொண்டைதான் முந்திச் சொன்னது. இந்நோயை 1817இல் முதன்முதல் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கில வைத்தியரும், எச்சில் வழிதலையும் விழுங்கச் சிரமப்படுதலையும் அன்றே குறித்திருந்தார்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்றொரு துறையினர் இருப்பது எம் ஊரிற் பலருக்குத் தெரியாது. தெரிந்தவரும் திக்குவாய்ப் பிள்ளைகளுக்கு உரியவர் என்றே எண்ணுகின்றனர். பேசும் உறுப்புகளே விழுங்கும் உறுப்புகளும் ஆகையால், விழுங்குதலை ஆராய்வதும் அவர்கள் தொழிலே. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை வைத்திய பீடத்தில் இத்துறைக்குப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. பெரியம்மாவைப் பரிசோதித்த பெண்மணி அவருடைய குரல்வளையில் விரல் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு கரண்டி நீர், பின்பு யோகட், பின்பு பிஸ்கற் என்று படிப்படியாகக் கொடுத்துப் பார்த்தார். ஐயமிருந்தால், பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்துக் கதிர்ப்படத்தில் பார்ப்பதும், மூக்கினூடாக மெல்லிய குழாய்க் கமராவைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. 2008இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 10 வினாக்கள் கொண்ட ஒரு படிவமும் வழக்கிலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேற்பட்டால் ஆராயவேண்டும். ஜப்பானியர் கையாளும் முறை இன்னும் எளிது: 30 வினாடிகளில் உமிழ்நீரை எத்தனை முறை விழுங்க முடிகிறதென்று எண்ணுவது. மூன்றுக்குக் குறைந்தால் சந்தேகம். இதில் நீரோ உணவோ இல்லாமையால் வீட்டிலும் பார்க்கலாம். நீரைக் கொடுத்துச் சோதிப்பதை வீட்டிற் செய்யலாகாது.

நிமிர்ந்து இருத்தல், சிறு மிடறு, ஒரு கவளம் முற்றாக இறங்கியபின் அடுத்தது, உண்டபின் அரைமணி நேரம் படுக்காதிருத்தல் ஆகியவை எல்லாருக்கும் நல்லவை. நாடியைத் தாழ்த்தி விழுங்குவதும், நீரைத் தடிப்பாக்கிக் கொடுப்பதும் அப்படியல்ல, சிலருக்கே பொருந்தும். தடிப்பான நீரை வெறுத்து, குடிப்பதையே குறைத்து, உடல் வறண்டவர்களும் உண்டு. குளிசையை இடித்துக் கொடுக்குமுன்பும் கேட்டறியவேண்டும். மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவற்றை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலிற் சேரும்.

புரைக்கேறுதல் வேறு, தொண்டை முற்றாக அடைபடுதல் வேறு. இருமவோ பேசவோ முடியாமல், கை தொண்டையைப் பற்ற, முகம் நீலம் பாய்ந்தால், தலையில் தட்டிப் பயனில்லை. தண்ணீர் பருக்குவது தீங்கு. முன்னே குனியச் செய்து, தோட்பட்டை எலும்புகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாக அடிக்கவேண்டும். விலகாவிடின் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுக்கவேண்டும். அமெரிக்க வைத்தியர் ஹைம்லிக் 1974இல் வெளிப்படுத்திய முறை இது. வேறொருவர் அதற்குள் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்கட்டும்.

இறுதியாக வாய்ச் சுத்தம். பல்லில்லாதவருக்குப் பல் துலக்குவதேன் என்று கேட்பவர் பலர். வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு வாதனாளிக்குள் இறங்குவதே நியூமோனியாவுக்கு ஒரு பெரும் வாயில். ஜப்பானின் முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக்குப்பின் வாயைத் துப்புரவு செய்யப்பெற்றவருள் 100க்கு 11 பேரும், அவ்வாறு செய்யப்பெறாதவருள் 19 பேரும் இரண்டாண்டில் நியூமோனியாவுக்கு ஆளாயினர். ஒரு துலக்கியும் ஐந்து நிமிடமும் செய்யும் வேலை இது. பொய்ப்பல்லை இரவிற் கழற்றிக் கழுவி வைப்பதும் இதிற் சேரும்.

இவையனைத்துக்கும் பெரியம்மா உடன்பட்டார். வெற்றிலைக்கு மட்டும் உடன்படவில்லை. பாக்குத் துணுக்கு வாயில் ஒதுங்கிக் கிடக்கும், தொண்டையில் இறங்கும், பாக்கே புற்றுநோய்க்கு வித்து என்று சிகிச்சையாளரும் சொன்னார், நாமும் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அதை மட்டும் என்னட்டைக் கேளாதையுங்கோ பிள்ளை" என்றார். ஆறு வேளையாயிருந்தது இப்போது இரண்டு வேளையாகியிருக்கிறது. அந்த இரண்டையும் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.